தாடையைத் தொட்ட கை

சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் கோமளாவைத் தெரியாத நடத்துநர் கிடையாது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. இரும்புக் கவசம் மாட்டிய காலோடு படியேற அரை நிமிடம் பிடிக்கும். அந்த அரை நிமிடம் பொறுக்காமல் யாராவது நல்ல மனிதர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டால் போச்சு!

"என்னைக் கேட்டுப்போட்டுத்தான் தொடோணும்! நானென்ன அரிசி மூட்டையா?"

அவள் போடும் சத்தத்தில் பேருந்தே திரும்பிப் பார்க்கும். பிறகு தூக்கியவரே ஒதுங்கி நின்று, "ஏறுங்க அம்மணி, மெதுவா ஏறுங்க" என்பார்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் அவளுக்கு வேலை. அரசு அலுவலகங்கள் புதிதாக ஒரு இணையதளமோ கைபேசிச் செயலியோ கொண்டுவந்தால், கண் தெரியாதவர்களும் காது கேளாதவர்களும் கை வராதவர்களும் அதைத் தாங்களாகவே பயன்படுத்த முடியுமா என்று சோதித்துச் சொல்லும் சிறு அமைப்பு அது. சோதித்ததை வைத்து விதிமுறைகளும் எழுதி மேலிடத்துக்கு அனுப்புவார்கள். பதினொரு வருடமாகக் கோமளா அதைச் செய்கிறாள். கோமளா கையெழுத்துப் போட்டால் சரியாக இருக்கும் என்று பேர்.

அந்தப் பேர் ஒரு திங்கட்கிழமை காலை உடைந்தது.

வெள்ளைக் கோலைத் தட்டியபடி உள்ளே வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் லோகப்பிரியா. பிறவியிலேயே பார்வை இல்லை. நூலகவியல் படித்துவிட்டு, காந்திபுரத்தில் பெண்கள் விடுதியில் தங்கி, நூலக உதவியாளர் வேலைக்காக ஒன்றரை வருடம் படித்தவள்.

"கோமளா அக்கா இருக்காங்களா?"

"நாந்தான் கண்ணு. உக்காரு. காப்பி குடிக்கறயா?"

"வேண்டாமுங்க. இதைக் கொஞ்சம் கேளுங்க."

அவள் கைபேசியை மேசைமேல் வைத்து விரலால் இரண்டு முறை தட்டினாள். திரையை வாசிக்கும் இயந்திரக் குரல் உணர்ச்சியே இல்லாமல் படித்தது: "முழுமையான பார்வையிழப்பு உள்ளவர் இந்த விண்ணப்பச் செயலியைப் பிறர் உதவியின்றிப் பயன்படுத்த இயலும். சோதித்துச் சான்றளித்தவர், கோமளா."

"வேலைக்கு விண்ணப்பிக்கற கடைசித் தேதி நேத்தோட முடிஞ்சதுங்க" என்றாள் லோகப்பிரியா. "ஆளைச் சரிபாக்கப் படம் புடிக்கற எடத்துல, முகத்தை வட்டத்துக்குள்ள வையி, வட்டத்துக்குள்ள வையின்னே சொல்லுது. வலதா, இடதா, மேலயா, கீழயா? ஒண்ணும் சொல்றதில்ல. வார்டன் அக்கா பாவம்னு குனிஞ்சு பாத்தாங்க. வேறொரு ஆள் இருக்காருன்னு செயலியே பூட்டிக்கிச்சு. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டா, சான்று இருக்குதே, நீங்கதான் சரியாச் செய்யலைங்கறாங்க."

ஐயோ, அந்த நேரத்தில் கோமளா என்ன சொல்லியிருக்க வேண்டும்! ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நீ பதட்டத்துல சரியாப் புடிச்சிருக்க மாட்டே கண்ணு. இங்க மூணு பேரு செஞ்சு பாத்துத்தான் எழுதினேன். முஜீப், அந்த வீடியோவைப் போடு."

கணினி வேலை பார்க்கும் முஜீப், சோதனைகளை எல்லாம் படம் பிடித்து வைப்பவன். ஓட விட்டான். காங்கேயத்தில் ஒரு தேங்காயெண்ணெய் மில்லில் தொலைபேசி எடுக்கும் பாலுசாமி அண்ணன் திரையில் தெரிந்தார். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். பார்வையற்ற கண்களை மூடியபடி, கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். கோமளாவின் குரல் கேட்டது: "இந்தப் பக்கம் திரும்புங்ண்ணா... இன்னுங்கொஞ்சம்... ஆங், அப்படியே!"

முஜீப் படத்தை நிறுத்தினான்.

"ஏன் நிறுத்தீட்டீங்க? என்ன தெரியுது?" லோகப்பிரியா கேட்டாள்.

முஜீப் கோமளாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "அக்காவோட கை தெரியுதுங்க. அவரு தாடையைப் புடிச்சுத் திருப்புது."

திரையில் தன் கண்ணாடி வளையலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் கோமளா. அடுத்த இரண்டு பேருடைய படத்திலும் அதே வளையல், அதே குரல். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பதுபோல் அவர்கள் முகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அது ஒரு உதவி என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. 'பிறர் உதவி' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறாள். கேட்காமல் தன்னைத் தொட்டவர்களை ஊர் கூட்டித் திட்டியவள்!

"ரெண்டாவது முகம் வந்தாத்தான் செயலி பூட்டும்" என்றான் முஜீப் மெதுவாக. "கை வந்தா அதுக்குத் தெரியாதுங்க."

லோகப்பிரியா எழுந்தாள். "சரிங்க. நான் சரியாத்தான் புடிச்சிருக்கேன்னு தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டுக் கோலைத் தட்டியபடி வெளியேறினாள். கோமளாவால் வாசல் வரை போகக்கூட முடியவில்லை. கால் காரணமல்ல.

மதியம் பாலுசாமிக்குக் கூப்பிட்டாள்.

"ஏனுங்ண்ணா, அன்னைக்கு நான் உங்க தாடையைத் தொட்டேனே, ஏன் ஒரு வார்த்தை சொல்லல? எப்படியிருக்குன்னு கேட்டதுக்கு நல்லாயிருக்குன்னீங்களே!"

"நீங்க இட்லி வெச்சு, காப்பி ஆத்திக் குடுத்து, அத்தனை பிரியமாப் பாத்துக்கிட்டீங்க. அப்பறம் மூஞ்சிக்கு நேரா நல்லாயில்லைன்னு எப்படிங்க சொல்றது? சங்கடப்படுவீங்கல்ல."

"உங்களைக் கேக்காமத் தொட்டனே!"

"எல்லாருந்தான் தொடறாங்க அம்மணி" என்று சிரித்தார் பாலுசாமி. "நீங்க ஒருத்தரு தொடாம இருப்பீங்கன்னு நெனச்சேன். அவ்வளவுதானுங்க."

அந்தச் சிரிப்பு சாட்டையாக விழுந்தது. கோமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வியாழக்கிழமை கூட்டம். அவளுடைய அறிக்கையை முன்மாதிரியாக வைத்து, எல்லாத் துறைச் செயலிகளுக்கும் இதே முகச் சோதனையைக் கொண்டுவர முடிவெடுக்கும் கூட்டம். முதல் நாளே, கூட்டத்தை நடத்தும் அதிகாரியிடம் அவள் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள்.

"சின்னத் திருத்தம்னு அடுத்த மாசம் போட்டுக்கலாங்க" என்றார் அவர். "இப்பச் சொன்னா உங்க பேருதான் கெடும். பதினொரு வருஷ உழைப்பு."

கோமளா "சரிங்க" என்றாள். ஆமாம், சொன்னாள்! ஒரு முழு மணி நேரம் அந்தச் 'சரி'யோடு நிம்மதியாகக்கூட இருந்தாள். அதை நினைத்துத்தான் பின்னாளில் அவள் அதிகம் குன்றிப்போனாள். அந்த மணி நேரம் முடிந்ததும் மறுபடி பாலுசாமியைக் கூப்பிட்டு, மில்லில் லீவு போட்டு வர முடியுமா என்று கேட்டாள்.

கூட்டத்தில் அவளுக்குப் போர்த்தச் சால்வையோடு எழுந்த அதிகாரியிடம், "அது இருக்கட்டுங்க. மொதல்ல இவரு செஞ்சு காட்டட்டும். யாரும் பேச வேண்டாம்" என்றாள். பாலுசாமி கைபேசியைப் பிடித்தார். வட்டத்துக்குள் வைக்கவும். வட்டத்துக்குள் வைக்கவும். பொறுக்காமல் ஒருவர் "கொஞ்சம் எடதுபக்கம்..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க!" என்று கத்தினாள் கோமளா.

நான்கு நிமிடம். பாலுசாமியின் நெற்றியில் வியர்வை இறங்கியது. கடைசியில், நேரம் முடிந்தது என்றது செயலி.

"எனக்கு வரலைங்க" என்றார் அவர், முதல் தடவையாக.

"அந்தச் சான்று பொய்" என்றாள் கோமளா. "நாந்தான் எழுதினேன்." பாராட்ட வந்தவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முகச் சோதனையை மற்றத் துறைகளுக்குக் கொண்டுபோவது நின்றது. ஆனால் முடிந்த தேதி முடிந்ததுதான் என்று கைவிரித்துவிட்டார்கள். அதை அவளே லோகப்பிரியாவுக்குச் சொன்னாள்.

"எனக்குத் திறந்து உட மாட்டாங்களா?"

"இல்ல கண்ணு."

"புது அறிக்கையில என்ன எழுதியிருக்கீங்க?"

"ஒரு விண்ணப்பதாரர் பாதிக்கப்பட்டார்னு..."

"ஒரு விண்ணப்பதாரரா? எம்பேரு போடுங்கக்கா. யாருக்கு ஆச்சுன்னு தெரியட்டும்."

போட்டாள். அதன் கீழே, தவறாகச் சான்றளித்தவர் என்று தன் பேரையும் போட்டாள்.

"என்னை மன்னிச்சிரு சாமி."

"இப்ப மனசு வரலீங்க. வந்தா நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

ஏழு மாதமாகிறது. சோதனைக்கு வருபவர்களிடம் இப்போது கோமளா மேசைக்கு எதிர்ப்பக்கம் தள்ளித்தான் உட்காருகிறாள். யார், எத்தனை முறை உதவினார்கள் என்று எழுத முஜீப் படிவத்தில் தனிக் கட்டமே போட்டிருக்கிறான். நல்லாயிருக்குதுங்க என்று யாராவது சொன்னால், "எது நல்லால்லைன்னு ஒண்ணாவது சொல்லாம இந்த எடத்தை உட்டுப் போகப்படாது" என்று அதட்டுகிறாள்.

லோகப்பிரியா இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை தனக்கில்லை என்பதும் கோமளாவுக்குத் தெரியும்.