சின்னம்மா என்று கூப்பிட்ட அம்மா

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். அம்மா தென்சீனத்துக் கடற்கரை ஊர்க்காரி. ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் ஒரு சீன உணவகத்தில் அப்பா கோப்பை கழுவினார், அம்மா மரக்கறி வெட்டினார். அங்கேதான் சந்தித்துக் கலியாணம் செய்துகொண்டார்கள். எனக்குப் பத்து மாதமானபோது அம்மா என்னைத் தன் ஊருக்குக் கொண்டுபோய், தன் அக்காவிடம் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

ஆறு வயதில், பள்ளிக்கூடம் தொடங்குவதற்காக, ஊர்க்காரர் ஒருவரோடு டுசல்டோர்ஃபில் வந்து இறங்கினேன். அதுவரை பெரியம்மாவைத்தான் அம்மா என்று நம்பியிருந்தேன். விமான நிலையத்தில் நின்ற மெலிந்த பெண்ணைச் "சின்னம்மா" என்றேன். அம்மா திருத்தவில்லை. என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவரை அம்மா என்று கூப்பிட எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. கோபம் அதற்குப் பிறகும் போகவில்லை. பள்ளி விட்டதும் மற்றப் பிள்ளைகள் ஓடிப்போய்த் தாயின் மடியில் விழுவார்கள். எனக்கு அப்படி விழத் தெரியாது. ஆசை மட்டும் இருந்தது.

போன இலையுதிர் காலத்தில் என் மகளைக் கிண்டர்கார்டனில் சேர்த்தேன். அவளைத் தனியே விட்டுப் பழக்கும் முதல் நாள் அம்மாவும் கூட வந்தார்.

"ஒளிச்சுப் போகாதேங்கோ. போட்டு வாறன் எண்டு முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ. அழுதாலும் பரவாயில்லை," என்றார் ஆசிரியை, ஜெர்மன் மொழியில்.

சொன்னேன். மகள் வீரிட்டு அழுதாள். வெளியே வந்தபோது அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். நானும் அவரும் சீனத்தில்தான் பேசிக்கொள்வோம். அதையும் அப்பாவின் தமிழில் எழுதுகிறேன்.

"நான் உனக்குச் சொல்லேல்லை. நீ நித்திரையா இருக்கேக்கதான் வெளிக்கிட்டனான். முழிச்சிருந்தால் என்னால ஏலாமல் போயிருக்கும்."

"ஏன் என்னை விட்டனீங்கள்?" இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை.

"ஆரிட்ட விட்டனான்? அக்காட்டத்தானே. ரெண்டு பேருக்கும் விடிஞ்சால் பொழுதுபட்டால் வேலை. எங்கட ஊரிலயிருந்து வெளிநாடு வந்த எல்லாரும் அப்பிடித்தான் செய்தவை. அக்காட பிள்ளை, தங்கச்சிட பிள்ளை எண்டு அங்க ஆரும் பிரிச்சுப் பாக்கிறேல்லை." சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார். "என்ர அம்மாவும் அப்பாவும் பட்டணத்துக்கு வேலைக்குப் போக, என்னை வளர்த்ததும் அக்காதான்."

இது எனக்குத் தெரியாது. தான் அறிந்த ஒரே தாயிடம்தான் என்னையும் கொடுத்திருக்கிறார். கோபம் அந்த இடத்தில் தளர்ந்தது. ஏக்கம் தளரவில்லை.

"பத்து மாசத்தில நான் எப்பிடி இருந்தனான், அம்மா?"

யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் போலச் சொல்லத் தொடங்கினார். "கீழ ரெண்டு பல்லு. நித்திரையில இடது காது மட்டும் சிவக்கும். திரும்பி வரேக்க பிளேனில பால் கட்டிச் சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. பக்கத்தில இருந்த மனிசி தன்ர சால்வையைத் தந்தவ."

நனைந்த சட்டையோடு இருந்த அந்த இளம்பெண்ணை, அன்றைய அம்மாவை, ஒருமுறை பார்க்க வேண்டும்போல் இருந்தது. உள்ளே மகளின் அழுகை ஓய்ந்துவிட்டது. அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.