கண்வலியால் பிழைத்தவர்

தென்காசி மண்டியில் நான் மங்குஸ்தான் பழத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லாட்ஜ் மேனேஜர். "மாமா, அண்ணாச்சி காலையில எந்திரிக்கல" என்றார். பேச்சில் என்னை மடக்க இந்த மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. அது கலெக்டர் ஆபீஸ் வரை தெரியும். அன்றைக்குப் பேரத்தைப் பாதியில் நிறுத்தினேன். கூடையை அப்படியே விட்டுவிட்டுக் குற்றாலம் பஸ் ஏறினேன்.

ஹவில்தார் சங்கரபாண்டியன் அண்ணாச்சியைப் பெயர் சொன்னால் பலருக்குத் தெரியாது. ஐந்தருவி போகிற வழியில், லாட்ஜ் வாசல் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பாரே காவல்காரர், அவர்தான். மனைவி எப்போதோ காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. எதிரே என் பழக்கடை.

முதல் நாள், நான் ஒற்றை ஆளாகக் காட்டு யானையைத் திருப்பி அனுப்பிய கதையைச் சொன்னேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர், "ஏலே வேலாயுதம், காத்து எந்தப் பக்கமா அடிச்சுது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே நாங்கள் சிநேகிதர்களாகிவிட்டோம்.

சீசன் முடிந்தால் குற்றாலத்தில் குரங்குகளும் நாங்களும்தான். அப்படி ஒரு நாளில், அறையில் யாரோ விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகம் அவர் கைக்கு வந்தது. படித்துப் படித்து எனக்குச் சொன்னார். கிரேக்க தேசத்து யுத்தம். பாரசீக ராஜா கடல் மாதிரி படையோடு வருகிறார். மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு குறுகலான கணவாய். முன்னூறு வீரர்களும் கூட வந்த கொஞ்சம் பேரும் அங்கே மறித்து நிற்கிறார்கள். இரண்டு நாள் ஒருவரும் தாண்ட முடியவில்லை. பிறகு உள்ளூர்க்காரன் ஒருவன் பின்பக்கத்து மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்துவிட்டான். நின்றவர்கள் அத்தனை பேரும் முடிந்தார்கள்.

எட்டாவது வரை படித்தவன் நான். ஆறாவது என்பார்கள் சிலர், பொறாமை. அதனால் சட்டென்று பிடித்துக்கொண்டேன். விற்காமல் மிஞ்சிய மங்குஸ்தான் கிரேக்கர்கள், ரம்புட்டான் பாரசீகர்கள். மேஜைதான் கணவாய். அந்தப் பாதையைக் காட்டாமல் இருந்தால்? மழை பெய்திருந்தால்? நான் தளபதியாக இருந்தால்? செங்கோட்டைக் கணவாயில் என்னிடம் நாற்பது பேரைக் கொடுத்தால் ஒரு மாதம் நிறுத்துவேன் என்றேன். "நாலாம் நாளு சோத்துக்கு என்னலே செய்வ?" என்று கேட்டு அண்ணாச்சி என் படையைக் கலைத்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் மங்குஸ்தான் ஒன்றை எடுத்துத் தனியே வைத்தார். முன்னூறு பேரில் ஒருவனுக்குக் கண்வலி வந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "அவன் ஊருக்குப் போயி என்ன ஆனான், சொல்லு."

எனக்கா தெரியாது? மேளம் வைத்து வரவேற்றார்கள், கோயிலில் முதல் மரியாதை கொடுத்தார்கள், செத்தவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாம் அவனைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள் என்று ஒரு மணி நேரம் சொன்னேன்.

அதன் பிறகுதான் அவர் சொன்னார். காஷ்மீரில், பனி மலை உச்சிக் காவல். இவருக்குக் கண் சிவந்து வீங்க, கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாலாம் நாள் பனி சரிந்தது. மேலே இருந்த ஆறு பேரும் போய்விட்டார்கள். அதில் ஒருவர் செங்கோட்டைக்காரர். இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை.

"ஏலே, நீ சொன்ன மாதிரி பொம்பளைக கதை கேப்பாகளா?" என்றார். "சத்தியமா" என்றேன்.

மறுநாள் போனோம். அந்தச் செங்கோட்டைக்காரரின் மனைவி கதவைத் திறந்தார். இவர் பட்டாளத்துப் பெயரைச் சொல்லி, தாம் கண்வலியால் பிழைத்த ஆள் என்றும் சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றார். அடிக்கட்டும் என்று நிற்கிற மாதிரி இருந்தது. அந்த அம்மா கேட்டார்:

"பக்கத்துல இருந்துக்கிட்டா வராம இருந்திய? அவுகள பத்திச் சொல்லுததுக்கு எனக்கு ஒரு ஆளு இல்லையே அண்ணே."

சாயங்காலம் வரை அண்ணாச்சி பேசினார். அந்த மனிதர் பாடுவது, சீட்டாட்டத்தில் ஏமாற்றுவது எல்லாம். நான் நடுவில் என் கதை ஒன்றைக்கூடச் சொருகாமல் கேட்டேன். நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை.

இப்போது அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. மேனேஜரை அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். கண்வலிக்காரனோடு ஊரில் ஒருவரும் பேசவில்லையாம். அடுப்புக்கு நெருப்புகூடத் தரவில்லையாம். அடுத்த யுத்தத்தில் தானே போய்ச் செத்தானாம். அண்ணாச்சி இதைப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார். என் பொய்யைத் தெரிந்தேதான் பஸ் ஏறியிருக்கிறார்.

அன்றைக்குச் செங்கோட்டையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஆளில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "முன்னாடியே போயிருந்தா?" என்று கேட்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று லாட்ஜ் வரும்வரை காத்திருந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

போய் வாருங்கள் அண்ணாச்சி. அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பொய்கூட இல்லை.