மாடிப்படியும் பஞ்சர்கடையும்

காமாக்ஷிக்கு அமெரிக்காவில் முதன்முதலாகக் கிடைத்த சிநேகிதர்களுக்கு முகம் கிடையாது. தொண்ணூற்றெட்டில் கல்யாணமான கையோடு பத்மநாபனுடன் நியூஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் வந்து இறங்கினாள். டிபெண்டன்ட் விசா, வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டவும் தெரியாது. அவன் காலை ரயிலைப் பிடித்து மன்ஹாட்டன் போய்விட்டால் ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே அவள். அப்படியொரு பகலில்தான் அந்தத் தமிழ் சாட் ரூமைக் கண்டுபிடித்தாள். மோடம் கீச்சிட்டுக் கரகரத்து லைன் கிடைத்ததும் ஆங்கில எழுத்தில் தமிழ் கொட்டும். சினிமா, கிரிக்கெட், ரசப்பொடி, ஜென்மப் பகை மாதிரி சண்டைகள். ஒரே சமயத்தில் இருநூறு பேர் பேசுவார்கள். நிஜப் பெயரைக் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. அங்கே இருந்த ஒரே சட்டம் அதுதான். அவள் தனக்கு 'மாடிப்படி' என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

"பகல் பூரா போன் எங்கேஜ்டாவே இருக்கு. யாரோட பேசறே?" என்று பத்மநாபன் கேட்பான்.

"தெரியாது" என்பாள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பதிலை அவன் ஒருநாளும் நம்பியதில்லை.

வருஷங்கள் ஓடின. அவளுக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ரக்ஷா பிறந்து வளர்ந்து காலேஜுக்குப் போனாள். ஃபேஸ்புக் வந்தது, வாட்ஸப் வந்தது, ரூமை நடத்திய கம்பெனி ஒருநாள் இழுத்து மூடிவிட்டது. கலிபோர்னியாவிலிருந்த 'அரைடிக்கெட்' மட்டும் மனசு கேட்காமல் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சின்னதாக ஒரு ரூம் போட்டார். அங்கேயும் ஆள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். அரைடிக்கெட், மாடிப்படி, ஹூஸ்டனிலிருந்து வரும் 'பஞ்சர்கடை'.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை. காமாக்ஷிக்கும் பத்மநாபனுக்கும் அன்றைக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரூமைத் திறந்தாள். பஞ்சர்கடை வழக்கம்போல சர்ச் கொயரைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் ஒரு சுருதியில் பாடுகிறார்களாம், இவருடைய கீபோர்டு ஒரு சுருதியாம். நடுவில் எழுத்து தடுமாற ஆரம்பித்தது.

"வலது கை மரத்துப் போச்சு. ஒத்தக் கையாலதான் அடிக்கேன். சிரிப்பா வருது."

அடுத்த வரியில் வார்த்தையே இல்லை. ஒரே எழுத்து திரை நெடுக ஓடியது. பிறகு அதுவும் நின்றது.

காமாக்ஷி காபியைத் தள்ளி வைத்தாள். மாம்பலத்தில் அவள் அப்பா இப்படித்தான் ஒரு காலையில் டம்ளரை நழுவவிட்டார். வாயுப் பிடிப்பு என்று எல்லோரும் அரை நாளைக் கடத்திவிட்டார்கள். அப்பா அப்புறம் பேசவே இல்லை.

அவசர உதவிக்கான 911-ஐ அழைத்தாள். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். என்ன ஊர்? ஹூஸ்டன். அட்ரஸ்? தெரியாது. போன் நம்பர்? தெரியாது. அவர் பெயர்?

பஞ்சர்கடை என்று எப்படிச் சொல்வது?

"அவரை உங்களுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும், மேடம்?"

"இருபத்தாறு வருஷமாக."

அட்ரஸ் கிடைத்தால் உடனே ஹூஸ்டனுக்கு மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்தாள்.

திரையில் அரைடிக்கெட் தன் போன் நம்பரைப் போட்டிருந்தார். கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். கட்டைக் குரல்.

"நான் நஞ்சுண்டன்."

"நான்... காமாக்ஷி."

இருவருக்கும் ஏதோ தப்பு பண்ணிவிட்ட மாதிரி இருந்தது.

"அவர் எங்கேர்ந்து வரார்னு கம்ப்யூட்டர்ல பாத்துட்டேங்க. ஹூஸ்டன்னு மட்டும்தான் காட்டுது. அத்தனை பெரிய ஊர்ல எங்க போய்த் தேடறது?"

சத்தம் கேட்டுப் பத்மநாபன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். "யாருக்கு என்ன?"

"ரூம்ல ஒருத்தருக்கு ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு. ஹூஸ்டன்ல தனியா இருக்கார்."

"பேரு என்ன?"

"தெரியாது."

"இத்தனை வருஷமா பேசிண்டிருக்கே, பேர் கூடவா தெரியாது?"

காமாக்ஷிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பேர்தான் தெரியாது. பொண்டாட்டி போய் நாலு வருஷம் ஆச்சுன்னு தெரியும். ஷுகரை வெச்சுண்டு ஹில்க்ராஃப்ட்ல இண்டியன் கடைத்தெருவுக்குப் போய் ஜாங்கிரி சாப்பிடுவார்னு தெரியும். பொண்ணு போன் பண்ணலேன்னா அன்னிக்கு சமைக்க மாட்டார்னு தெரியும். சர்ச்ல கீபோர்டு..." சட்டென்று நிறுத்தினாள். "சர்ச்! ஹூஸ்டன்ல எத்தனை தமிழ் சர்ச் இருக்கும்?"

பத்மநாபன் தன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான். முதல் சர்ச்சில் வாய்ஸ்மெயில். இரண்டாவது நம்பர் உபயோகத்திலேயே இல்லை. மூன்றாவதில் ஒரு பெண் எடுத்ததும் போனைக் காமாக்ஷியிடம் கொடுத்தான். பாஸ்டரின் மனைவி, பெயர் ஜெயலீலா. ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருந்தாள்.

"கீபோர்டா? எங்க சர்ச்ல பெனிஷ்னு ஒரு பையன்ல வாசிக்கான். சின்னப் பையனாச்சே!"

காமாக்ஷி குறுக்கிட்டாள். "இல்லீங்க, வயசானவர். மனைவி இல்லை. கொயர்ல சுருதி சரியில்லேன்னு எப்பவும்..."

"சண்டை போடுவாரா?"

"ஆமா!"

"ஐயோ, சுவிசேஷமுத்து அங்கிள்! அவர் வாசிக்கதை விட்டே ஆறு மாசம் ஆச்சே. வீடு எனக்குத் தெரியும். வைங்க, நானே 911 கால் பண்ணிட்டு நேரா அங்க போறேன்."

அவர் வாசிப்பதை விட்டுவிட்டதை ரூமில் சொல்லவே இல்லை. காமாக்ஷி அதை அப்புறம்தான் நினைத்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். நஞ்சுண்டன் லைனிலேயே இருந்தார். தினமும் மூச்சுவிடாமல் பேசிய இருவருக்கும் இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. அவர் தொண்டையைக் கனைப்பது மட்டும் அவ்வப்போது கேட்டது. பத்மநாபன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஜெயலீலா கூப்பிட்டபோது அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. "கதவை ஒடைச்சுட்டுதான் உள்ள போனாங்க. கீழ விழுந்து கெடந்தார். உயிர் இருக்கு. கண்ணு முழிச்சுப் பாக்கார்."

காமாக்ஷி போனைப் பத்மநாபனிடம் கொடுத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டதாக டாக்டர்கள் சொன்னார்கள். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. டாலஸிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்த மகள் ஜோவானா, இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ காலில் வந்தாள்.

"ஆன்ட்டி, ஹவ் டு யூ நோ மை டாட்?"

காமாக்ஷி யோசித்தாள். "தினமும் பேசுவோம்மா" என்றாள். அந்தப் பெண்ணுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

போன் திரும்பியது. வழுக்கைத் தலை, ஒருபக்கம் லேசாக இழுத்த வாய். தலையணைமேல் சாய்ந்திருந்த மனிதர் அவளையே உற்றுப் பார்த்தார்.

"மா... மாடிப்படியா?"

"ஆமா."

"ஒல்லியா இருப்பீகன்னு நெனச்சேன்" என்றார், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதுவிட்டாள்.

ஜோவானா அப்பாவை டாலஸுக்கே அழைத்துப் போய்விட்டாள். ஜெயலீலா காமாக்ஷியையும் நஞ்சுண்டனையும் சர்ச்சின் வாட்ஸப் ஜெபக்குழுவில் சேர்த்ததில், தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு ஒரு பைபிள் வசனம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவிசேஷமுத்துவும் சேர்ந்து மூவரும் போனில் பேசுகிறார்கள். உடம்பு எப்படி, ஊரில் வெயில் எப்படி என்று கேட்டு முடித்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. ரூமில் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

"ரூமை எடுத்துரட்டுங்களா? யாருமே வரதில்லையே" என்று நஞ்சுண்டன் ஒருமுறை கேட்டார்.

"அவர் கை சரியாற வரைக்கும் இருக்கட்டுமே" என்றாள் காமாக்ஷி.

அந்தக் கை இனிமேல் சரியாகாது என்று கோடையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். அது நஞ்சுண்டனுக்கும் தெரியும். அவர் மறுபடி கேட்கவில்லை.