ஆறுதலா ஓட்டுங்கோ, தம்பி

எனக்கு அவசரம் அதிகம். ஆரணியில் எந்தப் பட்டுக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். சென்னைக்குச் சேலைக்கட்டு போக வேண்டுமென்றால் என் வேனைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, "பாத்துப் போப்பா" என்றும் சொல்வார்கள். முன்னால் போகிற வண்டி வழி விடாவிட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அப்படிப்பட்ட நான் ஆடி மாதச் சாயங்காலங்களில் மாட்டு வண்டிக்காரன் மாதிரி வேன் ஓட்டியிருக்கிறேன். அந்த ஆர்க்கெஸ்ட்ராதான் காரணம்.

முகாம்காரர்களின் ஆர்க்கெஸ்ட்ரா அது. இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் தனித்தனிப் படகுகளில் வந்தவர்கள், இங்கே அகதி முகாமில் ஒருவர் வாசிப்பதை ஒருவர் கேட்டுக் கூடிய கோஷ்டி. சண்டை ஓய்ந்த பிறகும் கோஷ்டி ஓயவில்லை. கீபோர்டு, கிட்டார், டோலக், ரிதம் பேட், இவற்றோடு கோஷ்டியை நடத்துகிற மாஸ்டரின் அக்கார்டியன். பாடுவது மாஸ்டரின் தங்கை. ஆடியில் கூழ் வார்க்கும் ஊர்களிலெல்லாம் இவர்களைக் கூப்பிடுவார்கள். போளூர், கலசப்பாக்கம், நடுவில் இருக்கிற சின்ன ஊர்கள் என்று ஒரு மாதம் முழுக்கச் சுற்றுவோம்.

முதல் நாள் போளூருக்குக் கிளம்பியபோது வழக்கம்போலப் பறந்தேன். பக்கத்து சீட்டில் அக்கார்டியனை மடியில் வைத்திருந்த மாஸ்டர் மெல்லச் சொன்னார்: "தம்பி, ஆறுதலா போங்கோ."

யாரோ செத்துவிட்டார்கள், போகிற இடத்தில் ஆறுதல் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்தேன். புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, "யாருக்கு இன்னா ஆச்சு மாஸ்டர்?" என்றேன்.

பின்னால் ஒரே சிரிப்பு. மாஸ்டரின் தங்கைதான் முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணை உங்களை மெதுவா ஓட்டச் சொல்லுறார். எங்கட ஊரில ஆறுதல் எண்டா அதுதான்" என்றார்.

"எங்க ஊர்ல அது எழவு வீட்டுச் சமாச்சாரங்க. பக்கத்துல போயி உக்காந்து, நாலு வார்த்த பேசினு இருப்போமே, அதான் ஆறுதல்."

மாஸ்டர் யோசித்தார். "அப்ப உங்கட ஊரில ஆறுதல் எண்டா, ஆள் பக்கத்தில இருக்கிறதோ?"

"ஆமாங்க."

"அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். போளூர் வரைக்கும் நானும் ஆறுதலாகத்தான் ஓட்டினேன்.

அந்த அக்கார்டியனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாஸ்டர் அதைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக் கடலைத் தாண்டியவர். வழியில் உப்புத்தண்ணீர் உள்ளே போய்விட்டது. எத்தனையோ பேர் பிரித்துப் பார்த்தும் ஒரு கட்டை மட்டும் பேசவே இல்லை. அதை அழுத்தினால் வெறும் காற்றுதான் வரும். பாட்டில் அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் தங்கை வாயை மூடிக்கொண்டு அதை முனகிவிடுவார். கேட்கிறவர்களுக்கு அக்கார்டியன்தான் வாசிக்கிறது என்று தோன்றும். இரண்டு ஆடி போன பிறகுதான் எனக்கே தெரியும். தெரிந்த பிறகு எல்லாப் பாட்டிலும் அந்த ஒரு ஸ்வரத்துக்காகவே காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

இப்போது நினைத்தால் அந்தப் பயணங்களெல்லாம் நடந்தவையா, தூக்கத்தில் கண்டவையா என்று சந்தேகமாக இருக்கிறது. வேன் முழுக்கப் புதுப் பட்டின் வாசனை. பின்சீட்டில் டோலக்காரர் முழங்காலில் தாளம் போடுவார். போளூர் வழியில் இருக்கிற திருமலைக் குன்று ஒரு பக்கமாக வந்து, எங்களோடு கொஞ்ச தூரம் நடந்து, பின்னால் நின்றுவிடும். வயலில் தேங்கிய தண்ணீரில் மேகம் மிதக்கும். மாஸ்டர் அக்கார்டியன் துருத்தியை இழுப்பார்; பின்னாலிருந்து அந்த முனகல் வந்து சேரும். ஸ்டியரிங் என் கையில் இருந்தது, ஆனால் வண்டியை ஓட்டியது நான் இல்லை என்றே தோன்றும். போகிற ஊர் வராமலே இருந்தால் தேவலை என்று அவசரக்காரனான நானே நினைத்திருக்கிறேன்.

போன ஆடி முடிந்த கையோடு தங்கைக்கு ஊருக்குப் போக அனுமதி வந்தது. அங்கே அவர்களுடைய அம்மா படுத்த படுக்கை; பார்த்துக்கொள்ள ஆளில்லை. போனால் போனதுதான். அகதி அட்டையை ஒப்படைத்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும், மறுபடி வர முடியாது. மாஸ்டரின் மனைவி முன்பே தவறிவிட்டார். மகன்கள் இரண்டு பேரும் சென்னையில் பெயிண்டிங் வேலை. அவர்கள் நேரே விமான நிலையத்துக்கு வந்துவிடுவார்கள். மாஸ்டரால்தான் வழியனுப்பப் போக முடியவில்லை. தங்கை கிளம்புகிற அன்றைக்கு முகாமில் ஆள் சரிபார்க்கும் நாள். அதிகாரி வரும்போது ஆள் இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் எனக்குப் போன் செய்தார். "தம்பி, காலையில ஆறு மணிக்கு அவளைக் கூட்டிப்போகக் கார் வருது. நீங்க கொஞ்சம் ஆறுதலா வந்து இருங்க."

"சரி மாஸ்டர்" என்றேன். அவர் ஊர்த் தமிழ் எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்ற மிதப்பு. கார் போகட்டும், நிதானமாக வா என்கிறார், குடும்பமாகப் பேசிக்கொள்கிற நேரத்தில் நாம் எதற்கு என்று நானே ஒரு நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் இரண்டு கடைக்குச் சேலைக்கட்டு இறக்கி, டிபன் சாப்பிட்டு, டீயும் குடித்து, முகாமுக்குப் போனபோது மணி பதினொன்று.

மாஸ்டர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதன்மேல் ஒரு டம்ளர் டீ. ஆடை படிந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. எனக்காகப் போட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அக்கா கெளம்பிட்டாங்களா?"

"அஞ்சே முக்காலுக்கே போயிட்டா. உங்களுக்குச் சொல்லிட்டுப் போகணும்னு தெருமுனை வரைக்கும் பாத்துகினே போனா."

பாத்துகினே. அந்தச் சொல் என்னைப் பிடித்து உலுக்கியது. இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் எங்கள் பேச்சுக்கு எப்போது மாறினார்? நேற்றுப் போனில் 'வந்து இருங்க' என்றார். 'இருங்கோ' என்று சொல்லவில்லை. என் காதில் அது விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"மாஸ்டர், ஆறுதலான்னு சொன்னீங்களே..."

"உங்க ஊர் அர்த்தத்துலதாங்க சொன்னேன், தம்பி."

கோபமாகச் சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். லேசாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அழுகை முட்டியது, வெட்கமில்லாமல் அழுதேன். பிறந்ததிலிருந்து எல்லா இடத்துக்கும் முந்திப் போய் நின்றவன், இந்த ஒரு இடத்துக்குப் போய்ப் பிந்தினேன். ஆறிப்போன அந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அதிகாரி வந்து கையெழுத்து வாங்கிப் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு மாஸ்டர் உள்ளே போய் அக்கார்டியனை எடுத்து வந்தார். "போளூர் ரோட்டுல கொஞ்ச தூரம் போய் வரலாமா?" என்றார்.

பின்சீட்டில் யாரும் இல்லை. பட்டு வாசனை மட்டும் இருந்தது. அவர் சொல்லாமலே மெதுவாக ஓட்டினேன். குன்று தெரிய ஆரம்பித்ததும் மாஸ்டர் துருத்தியை இழுத்தார். தங்கை அடிக்கடி பாடுகிற பாட்டு. நான்காவது வரியில் அந்தக் கட்டை வந்தது. விரல் அழுந்தியது, காற்றுதான் வந்தது. என் கண் தானாகக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தது.

மாஸ்டர் நிறுத்தவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தார். மறுபடி அந்த இடம் வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. ஹாரன் அடிப்பதைத் தவிர வேறு சங்கீதம் அறியாத நான், வாயை மூடிக்கொண்டு முனகிவிட்டேன்.

மாஸ்டர் துருத்தியை மூடி என்னைப் பார்த்தார்.

"சுருதி சேரல" என்றார். பிறகு துருத்தியை மெல்லத் திறந்தார். "இன்னொருக்கா வாசிக்கிறன். ஆறுதலா பாடுங்கோ, தம்பி."

இந்தத் தடவை எந்த ஊர் அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.