தென்காசி ஏன் என்று கேட்க துவாரகாவுக்கு ஒரு பயணம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பின், எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது: குடை எடுத்துச் செல்வதில்லை. மகள் எதிர்த்தாள். மனைவி கல்யாணி நடுநிலை வகித்தாள். முழுப் பொறுப்பையும் நான் ஏற்றேன். மழை பெய்யவில்லை. அன்று சரியாக நடந்தது அது ஒன்றுதான்.

கல்யாணி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கு அதிகாரி. தில்லியில் பிறந்தவள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் இந்த வருடத்தில் கல்யாணிக்குத் தென்காசிக்கு மாறுதல் வந்திருக்கிறது. மாறுதலைத் தீர்மானித்தது ‘வல்லுநர் அமைப்பு’ என்ற கணினி நிரல். அதைப் பராமரிக்கும் அலுவலகம் தில்லியின் மறுகோடியில், துவாரகாவில் இருக்கிறது. ரத்து செய்யச் சொல்லிக் கேட்கத்தான் இந்தப் பயணம்.

எங்கள் மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றிலிருந்து மெட்ரோவின் நீல வழித்தடத்தில் வண்டி மாறாமல் போகலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பும்போதுதான் கவனம் தேவை: வண்டியில் வைஷாலி என்று போட்டிருந்தால், யமுனா பேங்கில் இறங்கி நொய்டா வண்டிக்கு மாற வேண்டும். ‘இப்படி இருந்தால் இப்படிச் செய்’ என்ற இந்த வாக்கியத்தை மனதில் வையுங்கள். வல்லுநர் அமைப்பு என்பது இப்படிப்பட்ட சில நூறு வாக்கியங்கள்தான்.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. டிரைவர் எண்பது ரூபாய் கேட்டார்.

“பையா, மீட்டர்?” என்றேன்; பையா என்றால் இந்தியில் அண்ணன்.

“மீட்டர் லீவுல இருக்கு, சார்ஜி” என்றார் இந்தியில். எண்பதே கொடுத்தோம்.

அமைப்பைப் பார்த்துக்கொள்பவர் சீனிவாசன். மாயவரத்துக் குடும்பம், மரியாதையான மனிதர். டீ வரவழைத்து, பாடம் நடத்தினார். ஓய்வுபெறவிருந்த இரண்டு மாறுதல் பிரிவு அதிகாரிகளை உட்கார வைத்து, எந்தச் சூழ்நிலையில் என்ன செய்வார்கள் என்று கேட்டு விதிகளாக எழுதிக்கொண்டார்களாம். அது ஒரு பகுதி. ஊழியரைப் பற்றிய தகவல்கள் இன்னொரு பகுதி. தகவலையும் விதியையும் பொருத்திப் பார்த்து, கிடைத்த முடிவை அடுத்த விதிக்குக் கொடுத்து, இப்படியே நகர்ந்துபோகும் பகுதி மூன்றாவது. மருத்துவத்தில் தலைகீழாகவும் ஓட்டுவார்களாம்: முதலில் நோயைச் சந்தேகித்து, அதற்கான அறிகுறிகள் உண்டா என்று பின்னோக்கித் தேடுவது.

“இதோட பெரிய வசதி என்னன்னா மேடம், ‘ஏன்’னு கேட்டா சொல்லும்” என்று ஒரு பொத்தானை அழுத்தினார்.

சொன்னது. வயது ஐம்பதுக்கு மேல் என்றால், சொந்த ஊர் சலுகைக்குத் தகுதி. தகுதி இருந்து, சொந்த ஊரில் காலியிடமும் இருந்தால், அங்கே அனுப்பு. சொந்த ஊர்: தென்காசி.

“அது எல்.டி.சி.க்குப் போட்டதுல்லா!” என்றாள் கல்யாணி.

விளக்கிவிடுகிறேன். மத்திய அரசு ஊழியர் ஓர் ஊரைச் சொந்த ஊர் என்று அறிவித்தால், அங்கே குடும்பத்தோடு போய்வர அரசு டிக்கெட் செலவு தரும்; எல்.டி.சி. என்பது இதுதான். தில்லித் தமிழர்கள் பலர் இப்படி அறிவித்துக்கொண்ட ஊரில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. மாறுதல் பிரிவில் இது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அந்த இரண்டு அதிகாரிகளும் அதைச் சொல்லவில்லை. சொல்லாததை அமைப்பு அறியாது.

“ஊரை மாத்திடுங்களேன்” என்றேன்.

“சர்வீஸ்ல ஒரு தடவைதான் சார் மாத்தலாம். மேடம் ஏற்கெனவே திருச்சியிலேர்ந்து மாத்தியிருக்காங்க.”

கல்யாணி என்னைப் பார்த்தாள். குற்றாலம் பக்கத்தில் இருக்கிறது என்று அன்று யோசனை சொன்னது நான்.

“நீங்களே கைப்பட நிறுத்தி வைக்க முடியாதா? பொண்ணு ட்வெல்த்” என்றாள்.

“முடியும் மேடம். ஆனா காரணம் எழுதணும். பிள்ளைங்க படிப்புக்கு விதி இல்ல. எழுதினா, சிஸ்டம் சரியாத்தானே சொல்லுதுன்னு என்னைக் கேப்பாங்க.” கொஞ்சம் தயங்கினார். “எனக்கும் நாப்பத்தொம்பது ஆச்சு. என் சொந்த ஊர் மாயவரம்னு போட்டிருக்கேன். போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு.”

திரும்பும் வண்டி வைஷாலி. யமுனா பேங்கில் மாறினோம்.

இப்படிப்பட்ட அமைப்பிடம் போகிறவர்களுக்கு: வாதாடாதீர்கள், அதற்குக் காது கிடையாது. எந்தத் தகவலை வைத்து முடிவெடுத்தது என்று மட்டும் கேளுங்கள். தகவல் தவறென்றால் வழியுண்டு. நீங்களே கொடுத்த தகவல் என்றால், காலை பத்து மணிக்கு முன் போங்கள், டீயாவது சூடாகக் கிடைக்கும்.

கல்யாணி இந்த மாதம் முதல் தேதி தென்காசியில் பணியில் சேர்ந்தாள். பள்ளியின் பெற்றோர் கூட்டங்களுக்கு இப்போது நான் போகிறேன்.