லேபிளில் இருந்தது நாற்பது டிகிரி

கூட்டு ஆராய்ச்சித் திட்டத்துக்கான படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. வெவ்வேறு நாடுகளையும் துறைகளையும் சேர்ந்த அமைப்புகள் இந்த வேலையில் ஏன் ஒன்றுசேர வேண்டும்? பதிலுக்கு ஆறு வரி இடம் விட்டிருந்தார்கள். திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனி சார்பில் அதை நிரப்ப வேண்டியவள் நான். அறிவுப் பகிர்வு, புதுமை, உலகத் தரம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நடந்தது வேறு. என் மகளின் தொண்டையில் ஒரு பட்டன் சிக்கியது. அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

அவளுக்கு அப்போது பதினான்கு மாதம். எனக்கு நாற்பத்து மூன்று வயதில் பிறந்தவள். கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து வந்ததால், அவள் தும்மினாலும் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. குளிப்பாட்டி, உடுப்பு மாட்டி, கூடத்தில் விட்டுவிட்டுப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். எட்டிப் பார்த்தேன். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. முகம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் மெக்கானிக்காக இருக்கும் என் கணவர்தான் பாய்ந்து வந்து, அவளைக் கையில் குப்புறக் கிடத்தி, முதுகில் உள்ளங்கையால் தட்டினார். நான்காவதோ ஐந்தாவதோ தட்டில் ஒரு வெள்ளைப் பட்டன் தரையில் விழுந்து உருண்டது. அப்புறம்தான் அழுகை வந்தது. அந்த அழுகையைக் கேட்டதும் ஓடிப்போய் அவளை வாங்கிக்கொண்டேன்.

அவர் பட்டனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “ஏ புள்ள, இது உங்க கம்பெனிப் பட்டனல்ல?”

ஆமாம். குழந்தை உடுப்பில் வைக்கிற, அழுத்தினால் மூடிக்கொள்கிற டிச் பட்டன். பின்பக்கம் பல் பல்லாக ஒரு வளையம் இருக்கும். அந்தப் பற்கள் துணியைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், நூல் கிடையாது. கம்பெனியில் அது கழன்று வருகிறதா என்று இழுத்துப் பார்க்கிற வேலைக்குத் தலைமை நான்தான். பதினேழு வருடமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழந்தை டாக்டர் தெற்கத்திக்காரர். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பாசிமணி, பொம்மைக் கண், பேட்டரி, கூடவே ஏழெட்டுப் பட்டன்கள்.

“எல்லாம் பிள்ளைங்க தொண்டைல, மூக்குல இருந்து நான் எடுத்ததும்மா. ஊரைச் சுத்திப் பனியன் கம்பெனி. ஒருத்தராவது வந்து, என்ன டாக்டர் சமாச்சாரம்னு கேக்கணுமே! கேட்டதில்ல.”

“நீங்களும் எங்ககிட்டச் சொன்னதில்லீங்களே,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“யார்ட்டப் போய்ச் சொல்லுவேன்? உங்க கேட்டுல செக்யூரிட்டி உள்ளயே விடமாட்டானே.”

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருப்பூரில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது எக்ஸ்போர்ட் மிச்சம்தான். ஆனால் இந்த உடுப்பை எங்களிடம் வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கெடுபிடிக்காரர். அவருடைய லேபிள் தைத்த பீஸ் ஒன்றுகூடக் கம்பெனியைவிட்டு வெளியே போகக் கூடாது. போனால், கொண்டுபோன ஆளுக்கு வேலை இல்லை. அளவு பார்த்து முடித்த சாம்பிள்களைக் கத்தரித்துக் குப்பையில் போட வேண்டும். அதில் மூன்றை நான் கத்தரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மெத்தென்று இழுபடுகிற ரிப் துணி. மகளுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

திங்கட்கிழமை போனதும் அதே லாட்டில் ஐம்பது பீஸ் எடுத்து, பட்டன் பட்டனாக மெஷினில் மாட்டிப் பத்துப் பத்து விநாடி இழுத்தேன். ஒன்றும் கழலவில்லை. லேபிளில் இருக்கிறபடி நாற்பது டிகிரியில் ஐந்து முறை துவைத்து இழுத்தேன். இருபது முறை துவைத்தும் இழுத்தேன். அசையவில்லை. பட்டன் செய்த வெளிநாட்டுக் கம்பெனியின் சான்றிதழ், துணியின் சான்றிதழ், பையருடைய ஆய்வகத்தின் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் பாஸ். அதே உடுப்புகள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் போய்க்கொண்டிருந்தன.

முதலாளியிடம் பாதியைச் சொன்னேன். “சோதனைல ஒரு பீஸ்ல பட்டன் கழண்டிருச்சுங்க.”

“ஒரு பீசா? ஐம்பது இழுத்தீங்கன்னு செக்கிங்ல சொன்னாங்க. ஒண்ணும் வரலீன்னாங்க?”

“அதுக்கு முந்தி ஒண்ணுங்க.”

அவர் போனைக் கையில் எடுத்தார். நான்கு பேரப்பிள்ளைகள் இருக்கிறவர். “கொழந்தை சமாச்சாரம். மூடி வெக்கறதுக்கில்ல அம்மிணி,” என்று பையருக்குப் போன் போட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும். மகளை வளர்த்தெடுக்க என் சம்பளம் வேண்டும். சொல்லாவிட்டால், எங்கேயோ ஒரு வீட்டில், இப்படித் தட்டி எடுக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், இன்னொரு பிள்ளை. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன், வருவேன்.

மீட்டிங் மாடியில் நடந்தது. திரையில் பையருடைய ஆய்வகத்துப் பெண்மணி, இன்னொரு கட்டத்தில் பட்டன் கம்பெனியின் எஞ்சினியர். நேரில், முதலாளி கூப்பிட்டிருந்த பக்கத்து எஞ்சினியரிங் காலேஜின் ஜவுளித் துறைப் பேராசிரியை. முதலாளி. நான். முதல் முக்கால் மணி நேரம் ஒவ்வொருவரும் தங்கள் சான்றிதழைத் திரையில் காட்டினார்கள். பட்டனில் குறை இல்லை, துணிதான் மெல்லிசு என்றார் எஞ்சினியர். துணி பையர் கேட்ட கனம்தான், வேண்டுமானால் பட்டனுக்குப் பல் நீளம் பற்றவில்லை என்று சொல்லுங்கள் என்றார் முதலாளி. எங்கள் சோதனையில் எதுவும் தவறவில்லை என்றார் அந்தப் பெண்மணி. மூவரும் சொன்னது நிஜம். ஆளாளுக்குத் தன் துண்டைச் சரியாகத்தான் சோதித்திருந்தார்கள்.

பேராசிரியை பொறுமை இழந்துவிட்டார். “சார், யாரு மேல தப்புங்கறத அப்புறம் பாத்துக்கலாங்க. அந்தக் கழண்ட பீஸ் எங்கீங்க? அத எப்படித் துவைச்சாங்க?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

எப்படித் துவைத்தேன்? அந்தக் கேள்வியை அதுவரை நான் என்னிடமே கேட்டிருக்கவில்லை. மகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. அதனால் அவள் துணிகளைத் தனியாக ஒரு அலுமினியப் பாத்திரத்தில் போட்டு, அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அலசிக் காயவைத்து, சாம்பிராணிப் புகை காட்டுவேன். வாரத்தில் மூன்று நாள். நாற்பது டிகிரி என்று அந்த லேபிளுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். கம்பெனியில் அது துணியின் கணக்கு, வீட்டில் இது பிள்ளை வளர்ப்பு. இரண்டையும் செய்கிற கை ஒன்று என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

“எங்க ஊட்டுல,” என்றேன். “நான் எடுத்துட்டுப் போன சாம்பிளுங்க. கொதிக்க வெச்சுத் துவைச்சேன். பட்டன் என்ற மகளோட தொண்டைல இருந்து வந்துச்சு.”

அதையே ஆங்கிலத்தில் திரையைப் பார்த்துச் சொன்னேன். முதலாளி மேசையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

கடைசியில் திரையில் இருந்த பெண்மணி பேசினார். அவர்கள் ஊரிலும் பிள்ளை வாந்தி எடுத்தால் யாரும் லேபிளைப் பார்ப்பதில்லையாம். மெஷினின் திருகைக் கடைசி எண்ணுக்குத் திருப்பிவிடுவார்களாம். அவருடைய தங்கையும் அப்படித்தான் செய்வாளாம். ஆய்வகத்தில் அந்தச் சூட்டில் சோதித்ததில்லை, ஏனென்றால் லேபிளில் நாற்பது என்று இருக்கிறது. பட்டன் கம்பெனிக்காரர் அதை எழுதிக்கொண்டார்.

பேராசிரியை மறுநாளே கல்லூரியில் பத்துப் பீஸைக் கொதிக்க வைக்க ஆரம்பித்தார். பன்னிரண்டு முறை கொதித்ததும் ரிப்பை இழுத்துப் பிடிக்கிற லைக்ரா நூல் நைந்து, துணி தொளதொளத்துவிட்டது. பட்டனின் பல்லுக்குக் கடிக்க ஒன்றும் இல்லை. விரலால் இழுத்தாலே வந்தது. பையர் அந்த உடுப்பின் விற்பனையை நிறுத்தினார். கப்பலில் போன பெட்டிகள் பையருடைய ஊர்த் துறைமுகத்தோடு நின்றன.

இந்த ஊரில் எதுவும் இரண்டு டீக்கடையைத் தாண்டுவதற்குள் பரவிவிடும். நான்காம் நாள் பக்கத்துக் கம்பெனியின் குவாலிட்டி மேனேஜர் போனில் பேசினார். எங்களுக்குப் போட்டிக் கம்பெனி அது. அவரை நான் பாய் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். ஒரே கண்காட்சியில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து ஒருவர் சாம்பிளை ஒருவர் பார்க்காத மாதிரி நடித்திருக்கிறோம்.

“அக்கா, எங்ககிட்டயும் இருக்குதுங்க. பட்டன் கழண்டு வெளியூர்ல இருந்து திரும்பி வந்த பீசுங்க. டப்பால போட்டு ஒட்டி வெச்சிருக்கறேன்.”

“எத்தன நாளாங்க பாய்?”

“அது எதுக்குங்க இப்ப? நீங்க மட்டும் உடனேயா சொன்னீங்க?”

அவரே தொடர்ந்தார். “பீஸத் தாறேன். ஆனா கம்பெனி பேரு எங்கயும் வரக் கூடாதுங்க. உங்க முதலாளி அத வெச்சு எங்க ஆர்டரப் பிடிச்சார்னா, அப்புறம் நான் ரோட்டுல டிச் பட்டன்தான் விக்கோணும்.”

பேராசிரியை தொடங்கியிருந்த கூட்டுத் திட்டத்தின் முதல் விதி அப்படித்தான் பிறந்தது. பீஸுக்கு எண் மட்டும், பெயர் இல்லை. பெயர் இல்லை என்றதும் பட்டன் கம்பெனிக்காரர் தன் பட்டன்கள் முன்பு கழன்ற பட்டியலைக் கொடுத்தார். டாக்டர் டப்பாவோடு வந்தார். நல்லெண்ணத்தில் யாரும் வரவில்லை. எல்லோருக்கும் பயம். தன்னிடம் இருக்கிற துண்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பயத்தை யாராலும் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. இவ்வளவுதான் எனக்குப் புரிந்த காரணம்.

முதலாளி ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு காகிதம்.

“இது மெமோ. பீஸ வெளிய கொண்டு போனதுக்கு. இது காலேஜ் புராஜெக்ட்டுக்கு நம்ம தரப்பு ஆளு நீங்கன்னு லெட்டர். ரெண்டுலயும் கையெழுத்துப் போடுங்க.”

“வேலையை விட்டு நிறுத்தலீங்களா?”

“நிறுத்திட்டா, நாளைக்கு இன்னொண்ணு கழண்டா எவ வந்து சொல்லுவா?” பேனாவை என் பக்கம் தள்ளினார். “ஆனா அம்மிணி, போன வருசம் அந்தச் செக்கிங் புள்ளைய அனுப்புனமே. இதே ஒரு பீசுக்கு. அதுல கையெழுத்து உங்களுதுதான?”

என்னுடையதுதான். மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசை. மறக்கவில்லை, நினைக்காமல் இருந்தேன். பையில் ஒரு குழந்தை உடுப்போடு கேட்டில் பிடிபட்டாள். விதி என்று சொல்லி அன்றைக்கே அனுப்பினேன். அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி.

அவளைத் தேடிப் போனேன். தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையம் தாண்டி ஒரு லைன் வீட்டில் இருந்தாள். இப்போது தேங்காய் காயப்போடுகிற களத்தில் வேலை. வாசலிலேயே நின்றாள், உள்ளே கூப்பிடவில்லை. நடந்ததைச் சொன்னேன். வீட்டில் துவைத்துப் பழசான பீஸ்கள் சோதனைக்குத் தேவைப்படுகின்றன, அன்று பிடிபட்ட அந்த உடுப்பு அவளிடம் இருக்கிறதா என்று கேட்டேன். பிடிபட்ட அன்று அந்தத் துணியை யாரும் திருப்பி வாங்கவில்லை. அவளோடு சேர்த்து அதையும் வெளியே அனுப்பியிருந்தோம்.

அவள் உள்ளே போய் எடுத்து வந்தாள். பட்டன் இருந்த இடத்தில் எல்லாம் நாடா வைத்துக் கையால் தைத்திருந்தது.

“ரெண்டாவது மாசமே ஆடுச்சுங்க மேடம். புடுங்கிப் போட்டுட்டு நாடா வெச்சுட்டேன். புள்ள வாயில போட்டுக்குமல்ல.”

“கம்பெனில யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல?”

அவள் சிரித்தாள். “சொல்றதுங்களா? திருடுன துணில பட்டன் சரியில்லீன்னு நானே வந்து கம்ப்ளெய்ண்ட் குடுக்கறதுங்களா?”

மன்னிப்புக் கேட்டேன். முதலாளி மறுபடி வேலைக்குக் கூப்பிடச் சொன்னார் என்பதையும் சொன்னேன். அவள் வேலைக்கு மட்டும்தான் பதில் சொன்னாள். “களத்துல வெயிலு மட்டும்தானுங்க கஷ்டம். இருக்கட்டும்,” என்றாள். உடுப்பை மடித்துக் கொடுத்தாள்.

அது பதினான்காம் எண் பீஸாகக் கல்லூரிக்குப் போனது. அறிக்கை பையருடைய ஆய்வகத்துக்குப் போனதும் ஒரு கேள்வி திரும்பி வந்தது: இந்தக் குறையை ஒரு தாய் ஏற்கனவே கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறார். அப்போதே ஏன் தெரிவிக்கப்படவில்லை? பேராசிரியை அதை எனக்கு அனுப்பி, தகவல் தொடர்புக் குறைபாடு என்று போட்டுவிடலாமா என்று கேட்டார். அப்படிப் போடுவது எளிது. யாருக்கும் உறுத்தாது.

நான் வேறு மாதிரி எழுதினேன். அவர் எங்கள் செக்கிங் பிரிவில் இருந்தவர், குறை தெரிந்தபோது அவர் வேலையில் இல்லை, அவரை நிறுத்திய உத்தரவில் இருப்பது என் கையெழுத்து. முதலாளிக்கும் பாய்க்கும் நகல் போட்டு அனுப்பினேன். அடுத்த நாள் பாய் தன்னிடம் இருந்த டப்பாக்களில் இன்னொன்றையும் அனுப்பிவைத்தார். அதில் பீஸோடு ஒரு சீட்டு இருந்தது: இது எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்த்த ஒரு பெண் பட்டன் கழல்கிறது என்று கொண்டுவந்து கொடுத்தது, அவள் சொன்னதை நாங்கள் காதில் வாங்கவில்லை.