ஒற்றைக் கண்ணுக்கு வந்த தரிசனம்

முதல் மின்னல் ஜெபத்தின் நடுவில் வந்தது. புதன்கிழமைகளில் மட்டக்களப்புப் புளியந்தீவில் எங்கள் வீட்டு விறாந்தையில் வேதப் படிப்பு நடக்கும். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. படிப்பை நடத்துவதும் நான்தான். அன்று, உலக முடிவைச் சொல்லும் வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் ஆறாம் முத்திரை உடைகிற இடம். சூரியன் கறுத்து, நட்சத்திரங்கள் காய் உதிர்வதுபோல் உதிரும் பகுதியை வாசித்துவிட்டுக் கண்களை மூடியிருந்தேன். வலக்கண்ணின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் வெட்டியது. கண்ணைத் திறந்தால், கரித்தூளைக் கொட்டிவிட்டதுபோல் கறுப்புப் புள்ளிகள் மிதந்துகொண்டிருந்தன.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆமென் சொன்ன கையோடு கண்டதைச் சொல்லிவிட்டேன்.

"ஆண்டவர் டீச்சருக்குக் காட்டுறார்" என்றார் ஒருவர். உடனே உபவாச ஜெபம் என்று முடிவாயிற்று. பொய் சொல்வானேன், எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. காலமெல்லாம் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்குத் தரிசனம் என்றால் சும்மாவா?

நாங்கள் பட்டினி கிடந்தோம், பாடினோம். மின்னல் நிற்கவில்லை. பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து, கீழே, ஒரு கறுப்புச் சீலை எழும்பத் தொடங்கியது. சூரியன் கம்பளிபோல் கறுப்பதைப் பற்றித்தான் நாங்கள் படித்திருந்தோமே. எனக்கு மயிர் கூச்செறிந்தது.

என் கணவர் வின்சன்ட் ஞாயிறு ஆராதனையில் கடைசி வாங்குப் பலகையில் இருந்தபடியே தூங்குகிற மனிதர். உபவாசத்தில் சேராமல் தனியாகப் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"கிறேஸ், வலக்கண்ணைப் பொத்து. இப்ப சீலை தெரியுதா?"

"இல்ல."

"மறுகா மற்றக் கண்ணைப் பொத்து."

"ஓம், தெரியுது."

"தரிசனம் எண்டா ரெண்டு கண்ணுக்கும் தெரிய வேணாமா? ஆண்டவர் என்னத்துக்கு ஒரு கண்ணை மட்டும் பிடிச்சவர்? வெளிக்கிடு, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கணக்கு சரியாக இருந்தது. சரியான கணக்கோடு சண்டை பிடிக்க எனக்குத் தெரியாது. புறப்பட்டேன்.

கண் வைத்தியர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். விழித்திரை விலகல் (கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் கிழிந்து கழன்று வருவது) என்றார். சிறுவயதிலிருந்து சோடாப் போத்தல் அடிபோன்ற கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது வரக்கூடும் என்றார். நான் அப்படிப்பட்டவள். போதாததற்கு, என் இடக்கண், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே சோம்பிப்போன கண். வெளிச்சமும் உருவமும் தெரியும், எழுத்துத் தெரியாது. நான் வாசிப்பதெல்லாம் இந்த வலக்கண்ணால்தான்.

"முதல் மின்னல் வந்த அண்டைக்கே வந்திருக்க வேணும், அம்மா. இத்தனை நாளும் என்ன செய்தீங்க?" என்று வைத்தியர் கேட்டார்.

வின்சன்ட் என்னைப் பார்த்தார். "உபவாசம் இருந்தவ" என்றார். வைத்தியர் கொழும்புக்கு அனுப்பும் கடிதத்தை எழுதத் தொடங்கினார்.

இதைப் படிக்கிற உங்கள் கண்ணிலும் மின்னல் வெட்டினால், புள்ளிகள் கொட்டினால், தயவுசெய்து அன்றைக்கே போங்கள். ஜெபத்தை வாகனத்தில் இருந்துகொண்டே செய்யலாம். படலத்தின் நடுப்பகுதி கழன்றுவிட்டால், ஒட்டவைத்தாலும் பழைய பார்வை திரும்புவது கடினம். என் நடுப்பகுதி மயிரிழையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொழும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. விழிக்கூழ் அகற்றல் (கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு, கழன்ற படலத்தை லேசர் ஒளியால் ஒட்டுவது) என்று அதற்குப் பெயர். கண்ணை மட்டும்தான் மரக்கவைத்தார்கள். முடிவில் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டார்கள். குமிழி எப்போதும் மேலே எழும்பும். அது போய்ப் பின்சுவரை அழுத்தவேண்டுமானால் நான் தரையைப் பார்த்தபடி கிடக்கவேண்டும். கண்ணில் சொட்டு விடும் நேரத்துக்கு மட்டும் முகத்தை நிமிர்த்தலாம். இந்தக் கட்டளையைத் தந்த வைத்தியர் ஒரு சிறிய, சிரித்த முகத்துப் பெண். "பார்வை வருமா, டொக்டர்?" என்று கேட்டேன். "குமிழி கரையட்டும், பார்ப்போம். இப்போதைக்குக் குனிஞ்ச தலை நிமிராம இருங்க" என்றார். கலியாணத்தன்று கூட நான் அப்படி இருந்ததில்லை.

மட்டக்களப்புக்கு வான் வண்டியில் குப்புறக் கிடந்தே வந்து சேர்ந்தேன். நாட்டின் குறுக்காக வந்த அத்தனை தூரத்திலும் நான் கண்டது ஒரு றப்பர் கால்மிதி.

வீட்டிலும் அதே தரைதான். இரண்டு வாங்குகளைச் சேர்த்து, நடுவில் முகத்துக்கு இடைவெளி விட்டு, வின்சன்ட் எனக்கொரு படுக்கை செய்து தந்தார். மனிதர்களைக் காலை வைத்து அறிந்துகொண்டேன். போதகரின் சப்பாத்து எப்போதும் அவசரத்தில் இருந்தது. கழுத்து கடுத்தது, மூக்கு ஒழுகியது. இந்தக் கண் போனால் நான் இனி ஒரு வரியும் வாசிக்கமாட்டேன் என்று பயந்தேன். அழுதேன். அழுகை நேராகத் தரையில் விழுந்தது.

பக்கத்து வீட்டு வானொலியில் செய்தி போகும். எங்கோ குண்டு, எங்கோ பஞ்சம், எங்கோ நிலநடுக்கம். முன்பென்றால் நான் புத்தகத்தைத் திறந்து, இது உலக முடிவின் எந்தக் குதிரை, எந்த எக்காளம் என்று கணக்குப் பார்த்திருப்பேன். கணக்கு டீச்சருக்கு, ஏழு முத்திரை, ஏழு எக்காளம் என்று எல்லாம் ஏழேழாக வரும் புத்தகம் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? இப்போது புத்தகம் இல்லை. செய்தியில் யாரோ ஒரு தாய் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவளும் என்னைப்போலத் தரையைப் பார்த்துத்தான் அழுதிருப்பாள். எனக்கு அது தாங்கவில்லை.

செல்வராணி வந்தது அப்படியொரு மத்தியானம். கல்குடாவில் கடல் வீடு புகுந்து அவளுடைய மகளைக் கொண்டுபோன பிறகு எங்கள் தெருவுக்குக் குடிவந்தவள். புதன்கிழமைப் படிப்புக்குத் தவறாமல் வருவாள், ஒரு கேள்வியும் கேட்கமாட்டாள். வந்தவள் கதிரையில் இருக்காமல், வாங்குக்குக் கீழே, என் முகத்துக்கு நேராகத் தரையில் மல்லாந்து படுத்தாள்.

"என்ன கா இது, செல்வராணி?" என்றேன்.

"காலோட கதைக்கிறது எனக்குச் சரிவராது, டீச்சர். இப்ப முகம் தெரியுதா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் கண்ணீர் அவள் நெற்றியில் சொட்டியது. அவள் அதைத் துடைக்கவுமில்லை. நான் கேட்க நினைத்து இத்தனை காலமும் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்: "கடல் வந்த அண்டைக்கு, உலகம் முடியப் போகுதெண்டு நினைச்சியா?"

"முடிஞ்சிட்டு எண்டுதான் நினைச்சன். எத்தினையாம் முத்திரை எண்டெல்லாம் ஆருக்குத் தெரியும்? பிள்ளையத் தேடித் தேடி, சேறும் சகதியுமா ஒரு பள்ளிக்கூடத்தில போய் விழுந்தன். காத்தான்குடி முஸ்லிம் பொம்பிள ஒராள் பக்கத்தில வந்திருந்து, தன்ட முக்காட்டால என்ட முகத்தத் துடைச்சா. 'அழு புள்ள'ண்டா. நான் அழுவன், அவ துடைப்பா. அழுவன், துடைப்பா. அவ ஆரெண்டு இண்டைக்கும் தெரியா. அந்த நாளில எனக்கு ஞாபகம் இரிக்கிறது அந்தக் கைதான்."

அவள் போன பிறகு வின்சன்டிடம், அந்தக் கடைசிப் புத்தகத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். மனிதர் அரசாங்க அறிவித்தல் வாசிப்பதுபோல் வாசித்தார். எக்காளங்கள் ஊதத் தொடங்கியதும், "இது வேணாம், இப்பதான் ரேடியோவில கேட்டம்" என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டு கடைசிக்குப் போய்விட்டார். புதிய வானம், புதிய பூமி. கடவுள் மனிதரோடு குடியிருந்து, அவர்களுடைய கண்ணீரை எல்லாம் துடைக்கும் இடம்.

அந்த இடத்தை நான் எத்தனையோ பேருக்குப் படிப்பித்திருக்கிறேன். அங்கே போய்ச் சேருகிறவர்கள் இன்னும் அழுதுகொண்டுதான் போகிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அவர்களிடம் ஒருவரும் விளக்கம் சொல்வதில்லை. ஒரு கை வந்து துடைக்கிறது. உலகத்தின் துன்பத்துக்கு என்னிடம் முன்பு அட்டவணை இருந்தது. இப்போது இது மட்டும்தான் இருக்கிறது, இதுவே எனக்குப் போதும்.

குமிழி மெல்லக் கரைந்தது. குனிந்த தலையை நிமிர்த்தலாம் என்று வைத்தியர் சொன்ன பிறகு, வலக்கண்ணில் ஒரு நீர்மட்டம் ஆடுவதைக் கண்டேன், வாவிக் கரையில் நின்று பார்ப்பதுபோல. மட்டம் நாளுக்கு நாள் இறங்க, அதற்கு மேலே உலகம் தெளிந்து வந்தது. முதலில் கூரையின் முகட்டு வளை, பிறகு யன்னல், பிறகு கலண்டரில் எழுத்துகள். எழுத்தைக் கண்டதும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள். கடைசியில் குமிழி ஒரு மிளகு அளவாகி, ஒரு காலையில் காணாமல் போயிற்று.

பார்வை முழுதாகத் திரும்பவில்லை. நேர்கோடுகள் நடுவில் இலேசாக நெளிகின்றன. கணக்கு டீச்சருக்கு வந்த சோதனையைப் பாருங்கள். ஆனால் வாசிக்கிறேன், ஊசியில் நூல் கோக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறேன் என்று கூச்சப்படாமல் சொல்வேன். புதன்கிழமைப் படிப்பும் நடக்கிறது. இப்போது வானொலிச் செய்தியைக் கேட்ட பிறகுதான் ஜெபத்தைத் தொடங்குகிறோம், அழுகிறவர்களை ஊர் ஊராகப் பெயர் சொல்லி. செல்வராணி அதில் எப்போதும் காத்தான்குடியையும் சேர்ப்பாள்.

நேரம் மட்டும் எனக்கு இன்னும் மணிக்கூட்டால் நடப்பதில்லை, பழைய சொட்டு மருந்து வேளைகளால் நடக்கிறது. குப்புறக் கிடந்த காலத்தில் சொட்டு விடும் வேளையில்தான் ஒரு முகத்தை மேலே பார்ப்பேன், கலங்கலாக, வின்சன்டின் முகம். மருந்து எரியும். வழிகிற கண்ணீரைக் கொதித்தாறிய நீரில் நனைத்த பஞ்சால் அவர் ஒற்றி எடுப்பார். ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை.

மருந்தை நிறுத்தி வெகு காலமாகிவிட்டது. நேற்றும் அந்த நேரத்துக்குப் பஞ்சும் கையுமாக வந்து நின்றார்.

"இனி மருந்து இல்லையே" என்றேன்.

"தெரியும். காட்டு, பாப்பம்."

நான் முகத்தை நிமிர்த்தினேன்.